தரையோடு வெட்டும் கருவி: பெயரா, பயனா?

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம்மவர் பழமொழி. கருவியைக் குறைகூறும் தொழிலாளியை இப்பழமொழி கூறியே நாம் வாயடைத்து விடுகிறோம். ஆயின், கூடம் மெய்யாகவே கோணலாக இருத்தலும் உலகில் உண்டு. அமைச்சனின் இலக்கணம் கூறப் புகுந்த வள்ளுவப் பெருந்தகை, கருவியை முதலில் வைத்துக் காலத்தையும் செயலையும் அதன் பின்னரே வைத்தார். அமைச்சனுக்கு உரைத்த அவ்வுண்மை, நம் கண்டி மாநகரில் வீட்டுக்குத் தரையோடு பதிக்கும் தொழிலாளிக்கும் பொருந்துவதேயாகும்.

ஒரு காலத்தில் கண்டி வீடுகளுக்குச் சிவப்புச் சீமெந்துத் தரையே அழகு. இன்றோ கட்டுகஸ்தோட்டையிலும் பேராதனையிலும் குண்டசாலையிலும் எழும் புதுமனைகளில் பளபளக்கும் ‘டைல்ஸ்’ இல்லாத தரையைக் காண்பது அரிது. ஓட்டின் நிறத்தைத் தேர்வதற்குக் குடும்பத்தார் கடைகடையாய் ஏறி இறங்குவர். அவ்வோட்டை வெட்டப்போகும் கருவி எது என்று வினவுவாரோ ஒருவருமிலர். வெட்டும்போது உடையும் ஓட்டின் விலை சில இடங்களில் தொழிலாளியின் கூலியிற் கழிக்கப்படுகிறது. சில இடங்களில் வீட்டுக்காரரின் தலையில் விழுகிறது. ஆகவே, கருவியைத் தேர்வது கடைக்காரரும் தொழிலாளியும் மட்டும் பேசித் தீர்க்கும் காரியமன்று. அது இரு குடும்பங்களின் வரவுசெலவைத் தொடும் காரியமாகும்.

கையால் இயக்கும் இக்கருவி செயற்படும் முறையை முதலில் அறிவோம். இதனை ‘வெட்டும் கருவி’ என்கிறோமேயன்றி, இது உண்மையில் வெட்டுவதில்லை. ஒரு சிறு சில்லு ஓட்டின் மேற்பரப்பில் மெல்லிய கீறல் ஒன்றை இடுகிறது. பின்னர்க் கைப்பிடியை அழுத்த, கீறலின் இருபுறமும் சுமை இறங்கி, ஓடு அக்கீறலின் வழியே பிளக்கிறது. சுட்ட மண் அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுவிசையைத் தாங்காது. கீறல் உள்ள இடத்தில் இழுவிசை முழுவதும் ஒன்றுகூடுவதால், ஓடு வேறெங்கும் உடையாமல் அங்கேயே உடைகிறது. கண்ணாடியில் இத்தகைய வெடிப்பின் இயல்பை ஆராய்ந்து 1921ஆம் ஆண்டில் விளக்கியவர் ஆங்கிலப் பொறியியலாளர் கிரிஃபித் என்பதை விஞ்ஞான மாணவர்கள் நினைவிற் கொள்வார்களாக.

இதிலிருந்து ஒரு தொழில் விதி பிறக்கிறது. கீறல் ஒரே முறைதான் இடப்படல் வேண்டும். சில்லை இருமுறை ஓட்டினால் இரண்டாம் கோடு முதற்கோட்டின் மேல் சரியாக அமையாது, வெடிப்பு வழிதவறும். ஆதலின், சில்லைத் தாங்கிச் செல்லும் தண்டு அசைவற்றதாக இருத்தல் வேண்டும். மலிவான கருவிகள் தோற்பது இவ்விடத்திலேதான்.

சில்லு டங்ஸ்டன் காபைட் என்னும் கடின உலோகச் சேர்மத்தால் ஆனது. ஜெர்மனியில் 1920களில் உருவாகிய இப்பொருள், கடினத்தில் வைரத்திற்கு அண்மையில் நிற்பது. அதன் பின்னரே கைக்கருவிகள் பெருகின. இத்தாலியில் 1946ஆம் ஆண்டில் வின்சென்சோ மொன்டோலி என்பார் தொடங்கிய நிறுவனமே இன்றைய மொன்டோலிட். ஸ்பெயினில் போவாதா சகோதரர்கள் 1951ஆம் ஆண்டில் சீமெந்து ஓடுகளை வெட்டுதற்கு ஒரு கருவியை அமைத்தனர். அதன் வழிவந்ததே ரூபி. ரூபி என்பது பார்சலோனாவை அடுத்த ஓர் ஊரின் பெயருமாகும். செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல்லைக் கண்டவர்கள் அவர்கள் வெட்ட முயன்ற ஓடு எத்தகையது என்பதை எளிதில் உணர்வர், இரண்டும் ஓரினத்தவை. மூன்றாவதாகத் தொழிலாளர் நாவிற் பயிலும் பெயர், இத்தாலியின் சிக்மா.

இம்மூன்றையும் ஒப்பிடுவோம். ரூபியின் டி.எஸ்., டி.எக்ஸ். வகைகளில் சில்லு இரு உருக்குத் தண்டுகளின் மேல் ஓடுகிறது. உடைக்கும் பகுதி வலிமை மிக்கது. கரடுமுரடான, தடித்த ஓடுகளை நாள்தோறும் பதிப்பவருக்கு இது ஏற்றது. மொன்டோலிட்டின் மாஸ்டர்பியூமா ஒற்றைத் தண்டில் இயங்குவது. பியூமா என்னும் இத்தாலியச் சொல்லுக்கு இறகு என்று பொருள். அதன் அடித்தட்டு விற்சுருளின் மேல் அமைந்து, அழுத்தும்போது இருபுறமும் இறங்கிக் கொடுக்கிறது. ஆதலால் மெல்லிய அழுத்தமே போதும். சிக்மாவிலும் அடித்தட்டு அவ்வாறே இறங்கும். கைப்பிடியை இழுத்துக் கீறுவன, தள்ளிக் கீறுவன என இருவகை அதில் உண்டு. தள்ளுபவருக்குக் கோடு தம் கண்முன்னே தெரியும். இழுப்பவருக்குக் கை நிதானம் கூடும். இதில் உயர்வு தாழ்வு இல்லை, கைப்பழக்கமே நடுவர்.

அண்மையில் அம்பிட்டியாவில் ஒரு வேலைத்தளத்திற் கண்ட இளைஞர் ஒருவரிடம், “தம்பி, எந்த நாட்டுக் கருவி சிறந்தது?” என வினவினோம். “ஐயா, சில்லுக் கிடைக்கிற நாட்டுக் கருவிதான் சிறந்தது” என்றார் அவர். இதனினும் செறிவான விடையை நாம் கேட்டதில்லை. சில்லு தேயும் பொருள். தேய்ந்த சில்லு கோட்டை விட்டுவிட்டு இடும். கீறலின் ஓரம் பொடிப்பொடியாய்ச் சிதறும். மாற்றுச் சில்லு கண்டி நகரக் கடையிற் கிடையாதாயின், எத்துணைப் பெரும்புகழ்க் கருவியும் மூலையில் உறங்க வேண்டியதே. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டாலர், அவ்வாண்டிலேயே 360 ரூபாவைத் தாண்டியதை நாம் மறந்திலோம். இறக்குமதிப் பொருளை நம்பி வாழும் தொழிலாளி இதையும் எண்ணியே கருவி கொள்ளல் வேண்டும்.

கண்டிக்கே உரிய நிலைமைகள் வேறு சில உள. ஹந்தானைச் சரிவிலோ அம்பிட்டியா மேட்டிலோ உள்ள வீடுகள் பலவற்றுக்குப் படியேறியே செல்லல் வேண்டும். சமதரையில் பாரமாகத் தோன்றாத கருவி, அப்படிகளில் ஏறும்போது தோளை முறிக்கும். ஆண்டின் பெரும்பகுதி மழையும் ஈரமும் உள்ள ஊராதலின், தண்டைத் துடைத்து எண்ணெய் தடவாது விட்டால் துரு ஏறும். துரு ஏறிய தண்டில் சில்லு திக்கித் திக்கி ஓடும். எனவே, இங்கு பாரத்தையும் பராமரிப்பையும் விலையோடு சேர்த்தே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

கருவியின் நீளத்தைத் தேர்வதற்குப் பைதகரஸின் தேற்றமே போதும். 60 செ.மீ. சதுர ஓட்டை நேராக வெட்ட 60 செ.மீ. போதுமாயினும், மூலைவிட்டமாக வெட்ட ஏறத்தாழ 85 செ.மீ. வேண்டும். 60க்கு 120 செ.மீ. ஓட்டின் மூலைவிட்டமோ 134 செ.மீ. ஆகும். சுவரோடுகளே பெரும்பாலும் பதிப்பவர் நீண்ட கருவியைச் சுமப்பது வீண். கூடங்களுக்குப் பெரிய ஓடு பதிப்பவர் குட்டைக் கருவியை வாங்குவது பொய்ச் சிக்கனம்.

ஓட்டின் வகையையும் அறிதல் வேண்டும். போர்சலின் ஓடு தன் நிறையில் நூற்றுக்கு 0.5க்கு மேல் நீர் உறிஞ்சாது; சுவரோடு 10க்கு மேலும் உறிஞ்சும். ஓட்டின் பின்புறத்தில் ஒரு துளி நீர் விட்டுப் பார்த்தாலே வேற்றுமை புலப்படும். நீர் உறிஞ்சும் மென்மையான ஓட்டுக்கு எளிய கருவியும் போதும். இறுகிய போர்சலினுக்கு உறுதியான தண்டும் கூரிய சில்லும் இன்றியமையாதன.

எனினும், கருவி எதுவாயினும் கணக்கு அறியாதவன் கையில் அது பயன்படாது. 12 அடி அகலமுள்ள ஓர் அறையைக் கொள்வோம். அது ஏறத்தாழ 366 செ.மீ. ஒரு சுவரிலிருந்து தொடங்கி 60 செ.மீ. ஓடுகளை அடுக்கினால், ஆறு முழு ஓடுகள் போக எஞ்சுவது 6 செ.மீ. மட்டுமே. அத்தகைய ஒடுங்கிய துண்டைப் பிளப்பது மிகக் கடினம். இருபுறமும் அகலம் ஒவ்வாதபோது வெடிப்பு மெலிந்த பக்கம் சாயும். ஐந்து முழு ஓடுகளை நடுவில் வைத்து, எஞ்சிய 66 செ.மீ.யை இரு ஓரங்களுக்கும் 33 செ.மீ. ஆகப் பங்கிட்டால், வெட்டுவதும் எளிது, பார்வைக்கும் அழகு. விலையுயர்ந்த கருவி செய்ய இயலாததை ஒரு பென்சிலும் ஒரு தாளும் செய்துவிடுகின்றன.

“மின்சாரக் கிரைண்டர் இருக்கக் கைக்கருவி எதற்கு?” எனச் சிலர் வினவலாம். குழாய்க்குத் துளையிடவும் மூலையில் ‘ட’ வடிவாய் வெட்டவும் அது வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், நேர்வெட்டுக்கெல்லாம் அதையே ஏந்தும் பழக்கம் கேடானது. உலர்ந்த ஓட்டை அதனால் அறுக்கும்போது எழும் நுண்தூளில் பளிங்குச் சிலிக்கா உண்டு. இத்தூசு புற்றுநோய் விளைப்பது என்று புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் 1997ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திற்று. சுவாசப்பையைக் கல்லாக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்கும் இதுவே காரணம். சிலிக்கா மிகுந்த செயற்கைக் கற்பலகைகளை ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் தடைசெய்ததும் இத்தூசுக்கு அஞ்சியே. கைக்கருவியோ தூசு எழுப்புவது அரிது, மின்சாரமும் வேண்டுவதில்லை. 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை மின் தடைப்பட்டபோதும் அது நின்றுவிடும் கருவியன்று.

ஆகவே, கருவி வாங்கச் செல்லும் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுதான். நல்ல ஐரோப்பியக் கருவி ஒரு மாதக் கூலியை எளிதில் விழுங்கிவிடும். ஆதலின் பெயரைக் கண்டு மயங்கற்க. கைப்பிடியைப் பற்றிப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க, ஆடினால் வேண்டாம். பழைய ஓடொன்றைக் கொண்டுசென்று கடையிலேயே ஒரு துண்டு வெட்டி, மூலைமட்டம் வைத்துப் பார்க்க. மாற்றுச் சில்லு உண்டா என வினவி, உண்டெனில் இரண்டை உடன் வாங்குக. தொழில் தொடங்குவோர் சிறு கருவியொன்றை நல்லதாக வாங்குதல், பெரிய கருவியொன்றை மலிவாக வாங்குதலினும் மேல்.

வீடு கட்டும் குடும்பத்தார்க்கும் ஒரு சொல். கூலியை அடி விலையில் நறுக்கிக் குறைக்கும்போது, நறுக்கப்படுவது பெரும்பாலும் தொழிலாளியின் கருவிச் செலவே. அவர் தேய்ந்த சில்லோடு வருவார். நம் ஓடுகள் உடையும். அல்லது கிரைண்டரோடு வருவார். அவர் மார்பு உடையும். நியாயமான கூலி கொடுத்து நல்ல கருவியோடு வருபவரை அழைப்போமாக. நாம் நடக்கும் தரை எவருடைய மூச்சின் விலையுமாக அமைதல் ஆகாது.