மலையின் மூலிகையும் கடலின் முத்தும்

பொதிகையில் தோன்றும் தாமிரபரணி அன்னை, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறாள். அவள் கரையில் விளங்கிய கொற்கை, முத்தால் புகழ்பெற்றது. உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவர்க்குச் சிப்பிகளில் ஒரு பங்கு அளிப்பது முத்துக்குளித்துறையின் வழக்கமாக இருந்தது.

அந்நீதி மலையிலும் ஒருமுறை நிலைநாட்டப்பட்டது. அகத்திய முனிவர் உறைவதாக அடியார்கள் போற்றும் அம்மலையில், 1987-ஆம் ஆண்டு புஷ்பாங்கதன் தலைமையில் தாவர ஆய்வாளர்கள் ஏறினர். அவர்கள் களைத்துத் தளர்ந்தபோதும், வழிகாட்டிய காணி மக்கள் சிறு கனிகளை உண்டு சோர்வின்றி நடந்தனர். முதலில் சொல்லத் தயங்கியவர்கள், பின்னர் அச்செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை.

கேரளத்தின் பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆய்வு நிலையம், அதனோடு வேறு மூலிகைகளையும் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோவை நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் வழங்கி, கிடைக்கும் தொகையில் பாதியைக் காணி மக்களுக்கு என வகுத்தது. 1997-இல் அவர்களுக்கென அறக்கட்டளையும் அமைந்தது.

ஆயினும் ஒரு துயரம் நேர்ந்தது. மருந்துக்கு இலையே போதும். தேவை பெருகவே, செடிகள் வேரோடு பறிக்கப்பட்டன. வேரை இழந்தபின் அறிவிருந்தும் பயன் என்ன?

அகத்தியமலை 2016-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் இடம்பெற்றது. சொரிமுத்து ஐயனாரை வணங்க அக்காட்டினுள் செல்லும் அடியார்கள், ஒரு தழையையும் பறியாது திரும்புதல் வேண்டும். மலை வாழ்ந்தால்தான் பொருநை பாயும். பொருநை பாய்ந்தால்தான் கடற்கரை வரை குடி தழைக்கும். கொடுத்தவரை மறவாமையே முனிவருக்கு உகந்த வழிபாடு.