அடியில் தங்கிய மருந்து

'கொலாய்டு' என்னும் சொல்லை 1861-ஆம் ஆண்டில் வழங்கியவர் தாமஸ் கிரகாம் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர். பசை என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லினின்றும் அதனை அவர் ஆக்கிக்கொண்டார். நம்மவரோ அதற்குக் 'கூழ்மம்' என்று பெயரிட்டனர். பசையைக் காட்டிலும் கூழ் நமக்கு நெருங்கிய உறவன்றோ? சித்தூர்ச் சீமையில் கேழ்வரகுக் கூழும் களியும் உண்டு வளர்ந்த எனக்கு இந்தச் சொல்லின்மீது தனிப்பட்ட பற்று உண்டு. (விடுதிக் கஞ்சியைப் பற்றி இவ்விடத்தில் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.)

ஆயினும் நண்பர்களே, திருப்பதியில் மருந்தியல் பயிலும் நாம் இந்தக் கூழ்மத்தைத் தேர்வுத்தாளில் இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். மருந்துப் புட்டியைக் கையில் வாங்கும் தாய்க்கு அதில் ஒரு வரியேனும் போய்ச் சேர்கிறதா? சேரவில்லை என்பதும், சேர்ப்பது நம் கடமை என்பதுமே என் கட்சி.

கூழ்மம் என்றால் என்ன? நீரில் கரைந்த உப்புமன்று. நீரில் கலக்கிய மணலுமன்று. ஒரு நானோமீட்டர் முதல் ஆயிரம் நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்கள் மிதந்து நிற்பது கூழ்மம். பத்து இலட்சம் நானோமீட்டர் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும் என்றால் அத்துகளின் சிறுமையை ஊகித்துக்கொள்ளலாம். பால் இதற்கு நல்ல சான்று. பாலிலுள்ள கேசின் துகள்கள் எதிர்மின்னேற்றம் உடையவை; ஆதலின் ஒன்றையொன்று விலக்கித் தள்ளித் தனித்தனியே நிற்கின்றன. புளிப்பு ஏறியதும் மின்னேற்றம் குன்றுகிறது. துகள்கள் கூடிப் பால் திரிகிறது. கலங்கிய நீர்ப் பானையின் உட்புறத்தில் நம் பாட்டிமார் தேற்றாங்கொட்டையைத் தேய்த்ததும் ஏறக்குறைய இதே வேலைதான். தெலுங்கர் அதனைச் சில்லகிஞ்ச என்பர். நுண்ணிய களிமண் துகள்களைக் கொட்டையின் சத்து ஒன்றோடொன்று பிணைத்துவிட, அவை கனத்து அடியில் இறங்குகின்றன.

கூழ்மத்தைத் திரளாமற் காப்பதற்கும் நம் நாட்டிலேயே கதை உண்டு. 1930-களில், இராவல்பிண்டிப் பக்கம் அட்டாக் எண்ணெய்க் குழுமத்தார் துளையிடப் பயன்படுத்திய சேறு, உப்பு மண்ணைத் தொட்டதும் இறுகிப்போய் வேலையைத் தடுத்தது. இலாகூரில் பேராசிரியராயிருந்த சாந்தி சுவரூப் பட்நாகர் அச்சேற்றில் இந்தியப் பிசினைக் கலக்கச் செய்தார். உப்புப் பட்டும் சேறு இறுகவில்லை. அதற்காகக் கிடைத்த ஒன்றரை இலட்சம் ரூபாயைத் தாம் எடுத்துக்கொள்ளாமல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக்கே அவர் அளித்தார். மருந்துக் கலவைகளிலும் பிசின் இன்றளவும் இதே காவல் வேலையைச் செய்து வருகிறது.

இனி மருந்துப் புட்டிக்கு வருவோம். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம் ஹைட்ராக்சைடு கூழ்மமே. குழந்தைகளுக்குத் தரும் பல 'சிரப்'புகளில் துகள்கள் இன்னும் பெரியவை. அவற்றைத் தொங்கல் என்பதே முறை. துகள் பெரிதானால் விரைவில் படியும். ஆரம் பத்து மடங்கானால் படியும் வேகம் நூறு மடங்கு என்பது 1851-இல் ஸ்டோக்ஸ் கண்ட விதி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. துகள்கள் முற்றும் தனித்தனியே நின்று மெல்ல மெல்லப் படிந்தால், அடியில் நெருங்கி இறுகி, எவ்வளவு குலுக்கினாலும் எழாத கட்டியாகிவிடும். ஆகையால் மருந்து செய்வோர் வேண்டுமென்றே துகள்களைத் தளர்வாகக் கூட்டி, பஞ்சுபோலப் படியவிடுவதும் உண்டு. ஒரு குலுக்குக் குலுக்கினால் அது எழுந்துவிடும். எனவே அடியில் தங்கிய மருந்தெல்லாம் கெட்ட மருந்தன்று.

இதனைச் சொல்லாததன் விளைவைச் சித்தூரில் ஒரு மருந்துக் கடையில் பயிற்சி பெற்ற நாள்களில் பார்த்தேன். "அண்ணா, அடியில மண்ணு மாதிரி நிக்குது; மேல தெளிஞ்சதை மட்டும் குடுத்துட்டு வரேன்" என்றார் ஓர் அம்மையார். நோயைக் கொல்லும் பொருள் முழுவதும் அந்த 'மண்'ணில் இருந்தது! குழந்தை நான்கு நாளாகக் குடித்தது பெரும்பாலும் இனிப்பு நீர். வலிப்புக்குத் தரும் பெனிடாயின் கலவையில் இது இன்னும் கொடிது. தொடக்கத்தில் மருந்து குறைந்து வலிப்பு வரும். புட்டியின் அடிக்கு வரும்போது மருந்து மிகுந்து தள்ளாட்டமும் மயக்கமும் வரும். மருந்து ஒன்றே, புட்டி ஒன்றே!

குலுக்குவதே எங்கும் மந்திரம் என்றும் எண்ணிவிடலாகாது. கலங்கலாயிருக்கும் இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்ட வேண்டும். கடுமையாகக் குலுக்கக் கூடாது. மே மாதத்தில் 40 பாகையைத் தாண்டும் நம் வெயிலுக்கு அஞ்சி அதனைப் பனிப்பெட்டியின் உறைவிக்கும் தட்டில் வைப்பவர் உண்டு. உறைந்த இன்சுலின் வீண். இரணஜன்னித் தடுப்பூசியும் அப்படியே. அதிலுள்ள அலுமினிய உப்பின் துகள்கள் பனிக்கட்டியால் நெருக்குண்டு திரண்டுவிடும். உருகிய பின்னும் பழைய நிலை திரும்பாது. 2 முதல் 8 பாகை வரை என்று விதித்திருப்பது சூட்டுக்கு மட்டுமின்றிக் குளிருக்கும் வேலி.

"டாக்டர் சொல்ல மாட்டாரா?" என்று கேட்பர். வாயிலில் வரிசை நிற்கும்போது அவர் எத்தனை பேருக்குத்தான் சொல்வார்? "சீட்டிலேயே அச்சிட்டிருக்கிறதே" என்பர். அச்சிட்டிருப்பது ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில். 1911-இல் தோன்றிய சித்தூர் மாவட்டம் தொடக்கமுதல் இருமொழி மண். 1960-இல் திருத்தணி சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் எப்படி மாறினாலும் கடைக்கு வருபவர் தமிழில் கேட்கிறார், அல்லது தெலுங்கில் கேட்கிறார். ஆங்கிலத்தில் கேட்டவரை நான் இன்னும் காணவில்லை.

பெரிய சட்டம் வரும்வரை காத்திராமல் நம் மன்றம் ஒன்று செய்யலாம். கட்டை விரலகலமுள்ள ஒட்டுச்சீட்டுகளை அச்சிட்டு, திருப்பதியிலும் சித்தூரிலும் ஒப்புக்கொள்ளும் கடைகளுக்குக் கொடுப்போம். 'நன்றாகக் குலுக்கிக் கொடுக்கவும்' என்று ஒரு வரி. 'பாகா கலிபி வாடண்டி' என்று தெலுங்கு எழுத்தில் ஒரு வரி. இன்சுலினுக்கு வேறு நிறத்தில் 'உருட்டுக. உறையவிடாதீர்' என்று தனிச்சீட்டு. தெலுங்கு வரிகளை என் அறைத் தோழர் திருத்தித் தந்திருக்கிறார். அச்சுக் கூலிக்கு வேண்டியதைச் செயற்குழு வரும் கூட்டத்தில் ஒதுக்கித் தர வேண்டுகிறேன்.