பல் டாக்டர் திறந்த வழி

வீட்டில் யாராவது டெலிபோனை எப்போதும் ஒரே காதில்தான் வைத்துப் பேசுகிறார்களா? பெரும்பாலும் அது வெறும் பழக்கம். ஆனால் மற்றக் காதில் வைத்தால் பேச்சே புரிவதில்லை, இரைச்சல் வேறு என்றால், 'வயசாச்சு' என்று சமாதானம் சொல்லாமல் காது டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

காரணம் சாதாரணமாகவே இருக்கலாம். அபூர்வமாகச் சிலருக்கு, காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஒரு கட்டி இருக்கும். புற்றுநோய் அல்ல, ஆனால் இடம் பொல்லாத இடம்! முகத்தை அசைக்கும் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது. அது அறுபட்டால் கண் மூடாது, வாய் கோணிப் போகும். கட்டி பெருத்தால் மூளையையே நெருக்கும்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வில்லியம் ஹவுஸ் என்றொரு டாக்டர் இருந்தார். பல் வைத்தியரின் பிள்ளை. தாமும் முதலில் பல் வைத்தியமே படித்தார். பிறகு மருத்துவமும் படித்து, காது ஆபரேஷனில் பேர் பெற்ற அண்ணன் ஹோவர்டுடன் 1950-களில் சேர்ந்துகொண்டார். பல்லுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நரம்பைத் தொடாமல் எலும்பைக் குடையும் கை இரண்டுக்கும் வேண்டுமே!

அவரிடம் இளம் தீயணைப்பு வீரர் ஒருவர் வந்தார். இந்தக் கட்டிதான் என்று ஹவுஸ் ஆரம்பத்திலேயே சந்தேகித்தார். ஆனால் அந்நாளில் இந்த ஆபரேஷனே பெரும் ஆபத்து. ஆகையால் கட்டி முற்றி வேறு கோளாறுகள் தோன்றும்வரை பொறுத்திருப்பதே வழக்கம். பொறுத்தார்கள். பிறகு ஆபரேஷன் நடந்தது. அந்த இளைஞர் பிழைக்கவில்லை.

ஹவுஸுக்கு மனம் ஆறவில்லை. 1960-களில், ஹிட்செல்பர்கர் என்ற மூளை நிபுணரைத் துணை சேர்த்துக்கொண்டு, மைக்ராஸ்கோப்பின் கீழ், காதுக்குப் பின்னாலுள்ள எலும்பின் வழியாகவே கட்டியை எட்டினார். மூளையை ஒதுக்கித் தள்ள வேண்டாம். முக நரம்பும் கண்ணுக்குத் தெரியும். காது டாக்டருக்கு மண்டைக்குள் என்ன வேலை என்று மூளை நிபுணர்கள் பலர் சீறினார்கள். ஆனால் பிழைத்தவர்கள் பெருகினார்கள்.

விலை இல்லாமலில்லை. அந்த வழியில் போனால் அந்தக் காது அடியோடு செவிடாகிவிடும். கட்டி சிறிதாக இருக்கும்போதே தெரிந்தால், சிலருக்குக் கேள்வியைக் காக்கும் வேறு வழிகளும் உண்டு. சிலருக்கு ஸ்கேன் எடுத்துக் கவனித்து வந்தாலே போதும்.

காதைப் பலி கொடுத்து உயிரைக் காத்த அதே மனிதர், 1961-ல் செவிடானவர்களின் உட்காதில் மின்கம்பி பொருத்தி ஒலியை உணரச் செய்தார். விஞ்ஞானிகள் நகைத்தார்கள். 1984-ல் அமெரிக்க அரசாங்கம் அந்தக் கருவியை அங்கீகரித்தது. 2012-ல், 89-வது வயதில் காலமான ஹவுஸ், தம் கண்டுபிடிப்புகள் எதற்கும் பேட்டன்ட் கோரவில்லை. மற்ற ஆராய்ச்சியாளர்களுக்கு அது தடையாகிவிடக் கூடாதாம்!