கடலைமிட்டாய்க்குக் கடை வேண்டும்

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைக் காக்க அது உதவும். ஊர்க்கடையைக் காக்கப் போதாது. வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையை, தண்ணீரில் விட்டால் டக்கென்று உடைகிற பதத்தில் காய்ச்சிய வெல்லப்பாகில் கொட்டி, சூடு ஆறுமுன் தட்டித் துண்டு போடுகிறார்கள். வெல்லம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நாளானால் மிட்டாய் நமத்துப்போகும். ஆகவே, செய்யும் இடத்திலேயே வாங்குவது வெறும் பழம்பெருமை அல்ல, ருசிக் கணக்கு.

பாக்கெட் வீட்டுக்கே வருகிறதே என்பார்கள். உறை ஈரத்தைத் தடுக்கலாம்; வறுத்த மணத்தை முழுதாகப் பிடித்துவைக்காது. நேரில் வாங்கினால் இடைத்தரகர் கழிவும் மிச்சம். திறந்த தட்டில் ஈ மொய்க்காதா என்று கேட்பது நியாயமே. அதற்குக் கண்ணாடிப்பெட்டியும் ஒழுங்கான சோதனையும் போதும். மேலே தூவும் தேங்காய்ப்பூவுக்கு இளஞ்சிவப்புச் சாயம் எதற்கு என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.