தண்ணி ரிப்போர்ட் நார்மல்தான், ஆனா எதைத் தேடினாங்க?

தெரிஞ்ச ஒருத்தர் நேத்து ராத்திரி வாட்ஸப்ல ஒரு தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் அனுப்பினார். ஃப்ளாட் வாங்கப் போறாராம். "டாக்டர், போர் தண்ணி ஓகேவான்னு பார்த்துச் சொல்லுங்க." பிஎச், டிடிஎஸ், கடினத்தன்மை, குளோரைடு, கோலிஃபார்ம் எல்லாமே நார்மல். கடைசியா சும்மா ஒரு வரி: அங்க முன்னாடி பெட்ரோல் பங்க் இருந்துச்சாம், மூடி ஆறேழு வருஷம் ஆச்சாம்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

ரிப்போர்ட் பொய் இல்லை. ஆனா அதில் பென்சீனை யாரும் தேடவே இல்லை. டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பைத்தான் பார்க்கும். பெட்ரோல் கலந்த தண்ணியையும் நல்ல தண்ணின்னுதான் காட்டும். சுகர் மட்டும் பார்த்துட்டு கிட்னி நல்லா இருக்குன்னு நான் எழுதிக் கொடுத்தா ஒத்துப்பீங்களா?

பங்க்ல டாங்க் மண்ணுக்கடியில் இருக்கும். துருப்பிடிச்சு ஒழுகினா மேல இருக்கிறவங்களுக்குத் தெரியாது. பெட்ரோல் தண்ணியைவிட லேசு. அதனால மண்ணில் இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன் மேல மிதக்கும். கோடையில் மட்டம் இறங்கினா கூடவே இறங்கும், மழையில் ஏறினா கூடவே ஏறும். நடுவில் இருக்கிற மண் முழுக்கப் பூசிடும். அதிலிருந்து பென்சீன் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு, நீரோட்டம் போற திசையில் அடுத்த தெரு போர் வரைக்கும் போகலாம். டாங்கைத் தோண்டி எடுத்துட்டாலும் மண்ணில் பூசினது அங்கேயேதான் இருக்கும்.

பென்சீன் ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும், இதில் சந்தேகமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்ற அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நம்ம மூக்குக்கு வாடை தெரியறதுக்கு முன்னாடியே அந்த அளவைப் பல மடங்கு தாண்டியிருக்கும். கொதிக்க வச்சுக் குடிச்சா சரியாகிடும்னு நினைக்காதீங்க, தண்ணியில் இருந்தது சமையலறைக் காத்துக்கு வரும், அவ்வளவுதான்.

வாடை அடிக்குதுன்னு மக்கள் சொன்னா முதல்ல நம்பணும். 2021 நவம்பரில் ஹவாய்ல, ரெட் ஹில் மலைக்குள்ள இருந்த அமெரிக்கக் கடற்படை எரிபொருள் கிடங்கில் கசிவு. மொத்தம் 20 ராட்சத டாங்க், நிலத்தடி நீருக்கு வெறும் 100 அடி மேல. குழாய்த் தண்ணியில் பெட்ரோல் நாத்தம்னு குடும்பங்கள் புகார் பண்ணினப்போ, தண்ணி பாதுகாப்பானதுதான்னு முதல்ல சொன்னாங்க. அப்புறம் டீசல் வகை எண்ணெய் இருந்தது உறுதியாச்சு. அந்தக் குடிநீர் அமைப்பை நம்பி இருந்தவங்க சுமார் 93,000 பேர். பிறகு எடுத்த சர்வேயில் 2,289 பேர் பதில் சொன்னாங்க. 87% பேருக்குப் புதுசா ஏதாவது தொந்தரவு, இல்லைன்னா இருந்தது மோசமாச்சு. தலைவலி, வாந்தி, வயித்துப்போக்கு, தோல் அரிப்பு.

இதே தொந்தரவோட என் ஓபிக்கு ஒருத்தர் வந்தா? கேஸ்ட்ரைட்டிஸ்னு பான்டோப்ரசோல் எழுதி அனுப்பிடுவேன். "எங்க தண்ணி குடிக்கறீங்க"ன்னு கேட்க எனக்கு நேரம் இருந்ததில்லை. இது என் தப்பும்தான்.

ஹவாய் எங்கயோ இருக்குன்னு விட முடியாது. 2013ல் தண்டையார்பேட்டையில் போர் தண்ணியில் எண்ணெய் வந்துச்சு, துறைமுகத்திலிருந்து வர்ற எரிபொருள் குழாயில் கசிவு. அங்கயும் முதல்ல கண்டுபிடிச்சது குடியிருந்த மக்கள்தான்.

சரி, ஒழுங்கா எப்படிச் சோதிக்கணும்? டாங்க் இருந்த குழிக்குக் கீழ மண்ணை வெவ்வேறு ஆழத்தில் எடுக்கணும். நீரோட்டத்துக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ரெண்டு மூணுன்னு கண்காணிப்புக் கிணறு போடணும். கோடையில் ஒரு தடவை, மழைக்கு அப்புறம் ஒரு தடவை. பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன், மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், பங்க் 2000க்கு முந்தினதுன்னா ஈயமும். கண்ணாடிக் குப்பியில் காத்துக்குமிழ் இல்லாம நிரப்பி ஐஸில் வச்சு லேபுக்குப் போகணும். பழைய வாட்டர் பாட்டில்ல பாதி பிடிச்சு பைக்ல கொண்டு போனா பென்சீன் வழியிலேயே ஆவியாகிடும், ரிப்போர்ட் சூப்பரா வரும்.

எல்லா பழைய பங்கும் விஷம்னு நான் சொல்லலை. மண்ணில் இருக்கிற பாக்டீரியாவே நிறையத் தின்னு தீர்த்துடும். எவ்வளவு மிச்சம்னு தோண்டிப் பார்த்தாத்தான் தெரியும். அந்தச் செலவு வீடு வாங்கறவர் தலையில் விழக்கூடாது. டாங்க் வச்சிருந்தவங்க தரணும், அந்த ரிப்போர்ட் இல்லாம அங்க வீடு கட்ட பிளான் அப்ரூவல் கொடுக்கவே கூடாதுங்கறது என் கருத்து. மாசடைந்த இடங்களுக்குன்னு மத்திய அரசு 2025ல் தனி விதிகள் கொண்டு வந்திருக்கு. சந்தேகப்படற இடங்களைப் பட்டியல் போடச் சொல்லுது. மூடின பங்கும் டிப்போவும் அந்தப் பட்டியலில் வரணும்.

நண்பருக்கு பென்சீன் டெஸ்ட் கேளுங்கன்னு பதில் போட்டேன். அவர் பில்டரைக் கேட்டிருக்கார். "அதான் டிடிஎஸ் நார்மலா இருக்கே சார்"னாராம். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கலை.