மின்சார கார் மானியம்: யாருக்கு, எவ்வளவு, எதுவரை?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பச்சை நம்பர் பிளேட் வாகனங்களை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால், "பாய், கவர்மெண்ட் மானியம் லட்சக்கணக்கில் தருதாமே, வாங்கிடலாமா?" என்று யாராவது ஒருவர் கேட்கிறார். வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளை, "அத்தா, எலெக்ட்ரிக் காரே எடுத்துடுங்க" என்று அங்கிருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். ஷோரூமில் ஒரு கணக்கு சொல்கிறார்கள், யூடியூபில் வேறொரு கணக்கு சொல்கிறார்கள்.

பத்து லட்சம் ரூபாய் என்பது நம்மில் பெரும்பாலோருக்குப் பல வருடச் சேமிப்பு. எனவே அரசு உண்மையில் எதைத் தருகிறது, எதைத் தரவில்லை, அது யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதை நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது.

மத்திய அரசு தருவது என்ன?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்வோம். சொந்த உபயோகத்துக்கு மின்சார கார் வாங்குபவரின் வங்கிக் கணக்கில் மத்திய அரசு ஒரு ரூபாய் கூடப் போடுவதில்லை.

2019 ஏப்ரலில் தொடங்கி 2024 மார்ச் வரை நடைமுறையில் இருந்த ஃபேம்-2 திட்டத்தில் கார்களுக்கு மானியம் இருந்தது. ஆனால் அது டாக்சி போன்ற வணிகப் பயன்பாட்டுக் கார்களுக்கு மட்டுமே. அதன் பிறகு 2024 அக்டோபரில் 10,900 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் கார்களே இடம்பெறவில்லை. இருசக்கர வாகனம், ஆட்டோ, பேருந்து, லாரி, ஆம்புலன்ஸ், பொது சார்ஜிங் நிலையங்கள் ஆகியவற்றுக்குத்தான் அந்தப் பணம். மின்சார ஸ்கூட்டர் வாங்கியவர்களுக்கு 2025-26 நிதியாண்டில் அதிகபட்சம் 5,000 ரூபாய் விலையில் கழிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இது 10,000 ரூபாயாக இருந்தது.

காருக்கு மத்திய அரசு தரும் சலுகை ஜி.எஸ்.டி.தான். 2019 ஆகஸ்ட் 1 முதல் மின்சார வாகனங்களுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இன்றும் அதே 5 சதவீதம்தான். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. அதன் மேல் இருந்த கூடுதல் வரியும் நீங்கிவிட்டது. பெட்ரோல் காரின் விலை இறங்கியது, மின்சார காரின் விலை அப்படியே நிற்கிறது. இரண்டுக்கும் இடையிலான இடைவெளி கூடியிருக்கிறது என்பதை ஷோரூமில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியத்தில் மின்சார வாகனங்களுக்கு 15 சதவீதத் தள்ளுபடி உண்டு. பதிவுச் சான்றிதழ் கட்டணமும் 2021 முதல் இல்லை. இவை சிறிய தொகைகள்தான்.

பெரிய சலுகை மாநில அரசிடம்

உண்மையில் நமக்குக் கணிசமாக மிச்சமாவது தமிழ்நாடு அரசின் சாலை வரி விலக்கில்தான். 2023 பிப்ரவரியில் வெளியான மின்சார வாகனக் கொள்கையின்படி, மின்சார வாகனங்களுக்குச் சாலை வரி முழுவதும் விலக்கப்பட்டது.

இதன் மதிப்பைப் புரிந்துகொள்ள மற்ற கார்களுக்கு எவ்வளவு வரி என்று பார்க்க வேண்டும். 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி, 5 லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம். 10 லட்சம் வரை 13. 20 லட்சம் வரை 18. அதற்கு மேல் 20 சதவீதம். 12 லட்சம் ரூபாய் பெட்ரோல் காருக்கு 2,16,000 ரூபாய் வரி கட்ட வேண்டும். விலக்கு இருக்கும்போது அதே விலையில் மின்சார கார் வாங்கினால் அந்தப் பணம் கையில் நிற்கும்.

நம் பகுதியில் சிலர் வரியை மிச்சம் பிடிக்கப் பாண்டிச்சேரி முகவரியில் கார் பதிவு செய்துவிட்டு, ஓட்டுவதெல்லாம் விழுப்புரத்தில் என்று வைத்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வாகனத்தை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். உண்மையல்லாத முகவரியைக் காட்டுவது நமக்கு அழகல்ல. மின்சார காருக்கு அந்தத் தேவையே இல்லை.

ஆனால் அந்தக் கொள்கை தந்த விலக்குக்கு ஒரு கடைசித் தேதி இருந்தது: 2025 டிசம்பர் 31. இதற்கு முந்தைய விலக்கு 2022 டிசம்பரோடு முடிந்தபோது அரசு அதை நீட்டித்தது.  ஆனால் எதிர்பார்ப்பை நம்பி முன்பணம் கட்டக்கூடாது. வரி கணக்கிடப்படுவது பதிவின்போது. புக்கிங் செய்த நாளில் அல்ல. வண்டி கைக்கு வர இரண்டு மாதம் ஆகும் என்றால், அப்போது விதி என்ன என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவதே புத்திசாலித்தனம்.

மாநிலக் கொள்கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை மானியம் என்று ஒரு வரி இருப்பது உண்மை. ஆனால் அது வணிகப் பயன்பாட்டுக்கு, அதாவது டாக்சியாக ஓடும் கார்களுக்கு. அதுவும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் மட்டும். இதே தொகையை டெல்லி அரசு 2020இல் முதல் ஆயிரம் கார்களுக்கு அறிவித்தது. அமெரிக்கா தந்துவந்த 7,500 டாலர் வரிச் சலுகை 2025 செப்டம்பர் 30 அன்று முடிந்துவிட்டது. இப்படி ஒவ்வொரு ஊரின் சலுகையும் ஒன்றாகக் கலந்து நம் வாட்ஸ்அப்பில் "மானியம்" என்று சுற்றுகிறது.

வட்டிக்குக் கிடைத்த சலுகை

"வருமான வரியிலும் ஒன்றரை லட்சம் கழிக்கலாம்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவு அது. மின்சார வாகனத்துக்கு வாங்கிய கடனுக்குக் கட்டும் வட்டியில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை கழிவு. 2023 மார்ச் 31க்குள் அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டும் என்று அந்தக் கதவு மூடிவிட்டது. புதிய வரி முறையில் இருப்போருக்கு அதுவும் கிடையாது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அந்தச் சலுகையின் வடிவம். வட்டி கட்டியவருக்குத்தான் அது கிடைத்தது. வட்டியைத் தவிர்த்து, சேமித்து, முழுப் பணமும் கொடுத்து வாங்கிய குடும்பத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை. வட்டியில்லாமல் வாங்குவோருக்கும் சமமான சலுகை என்ற கோரிக்கையை நம் பிரதிநிதிகள் எழுப்பியிருக்க வேண்டும்.

மார்க்கம் ஒருபுறம் இருக்க, வெறும் கணக்காகப் பார்த்தாலும் கடன் எடுபடவில்லை. 8 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டிக்கு ஐந்து வருடத் தவணையில் எடுத்தால், கட்டும் வட்டி மட்டும் 1,96,000 ரூபாய் அளவில் வரும். சாலை வரியில் அரசு விட்டுக்கொடுத்த தொகை அப்படியே வங்கிக்குப் போய்விடுகிறது. "மானியம் இருக்கிறது" என்ற ஒரே காரணத்துக்காக வட்டிக் கடனுக்குள் போகிறவர் மானியத்தையும் இழக்கிறார், நிம்மதியையும் இழக்கிறார். பேட்டரியைத் தனியாக வாடகைக்கு விடும் புதிய திட்டங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் நாம் கையெழுத்திடுவது வாடகை ஒப்பந்தமா, நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தமா என்று படித்துப் பார்த்து, ஆலிம்களிடமும் விளக்கம் கேட்டுக்கொள்வது அவசியம்.

நம் ஊர்க் கணக்கு

8 லட்சம் பெட்ரோல் காரையும் 11 லட்சம் மின்சார காரையும் வைத்துப் பார்ப்போம். பெட்ரோல் காருக்குச் சாலை வரி 1,04,000. எனவே சாலை வரி விலக்கு இருந்தால் மூன்று லட்ச இடைவெளி ஏறக்குறைய இரண்டு லட்சமாகக் குறைகிறது. இந்த இரண்டு லட்சத்தை ஓட்டித்தான் மீட்க வேண்டும்.

பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. ஊருக்குள் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய் நெருங்குகிறது. மின்சார கார் ஒரு யூனிட்டில் சுமார் 7 கிலோமீட்டர் ஓடும்.

பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, கடைவீதி, உறவினர் வீடு என்று தினம் 15 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய் அளவில் மிச்சமாகும். இரண்டு லட்சத்தை மீட்க ஆறேழு வருடம் ஆகும்.

விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் கடை என்று தினமும் போய்வரும் வியாபாரியின் கணக்கு வேறு. போக வர சுமார் 80 கிலோமீட்டர், மாதம் 2,000. அவருக்கு எட்டாயிரம் ரூபாய் வரை மிச்சமாகலாம். இரண்டே வருடத்தில் வித்தியாசம் தீர்ந்துவிடும். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் மட்டும் எந்தக் காராக இருந்தாலும் பணம் கட்டித்தான் ஆக வேண்டும். தொழிலுக்காக வாங்குபவர் தேய்மானக் கழிவு பற்றித் தன் ஆடிட்டரிடம் கேட்கட்டும். மின்சார வாகனத்துக்கு 40 சதவீதம், சாதாரண காருக்கு 15 சதவீதம் என்பது பெரிய வேறுபாடு.

கரண்ட் பில்லையும் மறக்கக்கூடாது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த கட்டணப் படிநிலை போய்விடும். மேற்கொண்டு ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 ரூபாய்க்கு மேல். இப்போது 300 யூனிட் செலவழிக்கும் வீட்டில் கார் வந்தால் இந்த எல்லையைத் தாண்டுவது எளிது. மேலே சொன்ன கணக்கில் இதையும் சேர்த்தே சொன்னோம்.

இங்கேதான் பலர் கவனிக்காத ஓர் உண்மையான மானியம் இருக்கிறது. வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு போட, பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் நேராக வங்கிக் கணக்கில் வருகிறது. கடன் எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. சொந்த மாடி உள்ளவர்கள் காருக்கு முன் இதை யோசிக்கலாம். வாடகை வீட்டில், குறுகலான தெருவில் இருப்பவர்களுக்கோ சார்ஜ் செய்ய இடமே பெரிய கேள்வி. வெளியே அதிவேக சார்ஜரில் போட்டால் யூனிட் 20 ரூபாயை ஒட்டி வரும், மிச்சம் பாதியாகிவிடும்.

வெள்ளமும் காப்பீடும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். தென்பெண்ணை பெருகி நெடுஞ்சாலையே துண்டிக்கப்பட்டது. மின்சார காரில் பேட்டரிதான் மிகப் பெரிய செலவு. அது வண்டியின் அடிப்பகுதியில் இருக்கிறது. வெள்ளத்தில் பேட்டரி பாதிக்கப்பட்டால் காப்பீடு தருமா, அதற்குத் தனிச் சேர்க்கை எடுக்க வேண்டுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில ஆயிரம் மிச்சம் என்று இதை விட்டுவிட்டால் பிறகு லட்சங்களில் வருந்த நேரிடும்.

யாருக்குப் பயன்?

மொத்தத்தில் இந்தச் சலுகைகள் வாங்க முடிந்தவருக்கே மேலும் மிச்சம் தருகின்றன. விலை உயர உயர, விலக்கப்படும் வரியும் உயர்கிறது. நாள் முழுதும் ஆட்டோ ஓட்டியோ, ஸ்கூட்டரில் உணவு கொண்டு கொடுத்தோ பிழைக்கும் நம் பிள்ளைகளுக்குத்தான் எரிபொருள் செலவு உண்மையான சுமை. நலவாரியத்தில் பதிந்த இணையவழிச் சேவைத் தொழிலாளர்கள் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம் என்று 2025 மாநில பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. இதை எத்தனை ஜமாஅத்துகள் தம் இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கின்றன?

பைத்துல்மால் நடத்தும் ஜமாஅத்துகள், ஒரு ஆட்டோ ஓட்டுநருக்கு மின்சார ஆட்டோ வாங்க வட்டியில்லாக் கடன் கொடுத்தால், மிச்சமாகும் எரிபொருள் பணத்திலிருந்தே அவர் தவணையை அடைத்துவிட முடியும். ஒரு குடும்பம் நிமிர்ந்து நிற்கும்.

காரைப் பொறுத்தவரை நம் கருத்து இதுதான். கையில் பணம் இருக்கிறது, தினமும் தூரம் போக வேண்டியிருக்கிறது, சார்ஜ் செய்யச் சொந்த இடம் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். சாலை வரி விலக்கின் நிலையைக் கவனித்து வாங்கலாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவசரப்பட வேண்டாம். இருக்கிற வண்டி இன்னும் இரண்டு வருடம் ஓடினால் குறையொன்றும் இல்லை. வீண்விரயத்தையும் வட்டியையும் தவிர்த்து எடுக்கும் முடிவில், இன்ஷா அல்லாஹ், பரக்கத் இருக்கும்.