தளத்துக்கு என்ன பெயர்? யார் பெயரில்?

ஆரணியில் பட்டுத் தறிக்கூலி பற்றி எழுத இணையதளம் தொடங்கப்போகிறார்கள் நம் மாணவத் தோழர்கள். இரண்டு வாரமாகப் பெயர்தான் அமையவில்லை. "சாதி தெரியாத பொதுப்பெயரா வைப்போம்க்கா, அப்பதான் எல்லாரும் படிப்பாங்க" என்றார் ஒருவர்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். வசையாக எறியப்பட்ட சொல்லை முகப்பில் அச்சடித்தார். 1907இல் அயோத்திதாசர் விலையையே பெயரில் சேர்த்து 'ஒரு பைசாத் தமிழன்' என்றார். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. ஒளிந்துகொள்ள அவர்கள் பெயர் தேடவில்லை.

ஆனால் ஃபோனில் சொன்னால் தறியில் இருப்பவர் தப்பில்லாமல் தட்ட வேண்டும். 'ஆரணி'யே சிக்கல்தான். ஆங்கிலத்தில் நாம் 'ஆர்' எழுத்துக்குப் பிறகு ஒரு 'ஏ' போடுகிறோம், ரயில்வே போடுவதில்லை. 'ழ' வந்தால் இன்னும் மோசம். '.இந்தியா' என்று முடியும் முழுத் தமிழ் முகவரியும் கிடைக்கும், அதையும் சேர்த்தே வாங்குங்கள்.

பெயரைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. டொமைன் பட்டா நிலம் அல்ல, குத்தகை. நான் முன்பு வேலை செய்த ஓர் அமைப்பில் நண்பர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தோம். அவர் வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அஞ்சலை யாரும் பார்க்கவில்லை. வன்கொடுமை வழக்கு மனுக்களில் நாங்கள் அச்சிட்ட அந்த முகவரியில் இன்று சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது.

பெயரை ஞாயிற்றுக்கிழமை பேசி முடிப்போம். அதற்குள் அமைப்பின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். கடவுச்சொல் இரண்டு பேருக்குத் தெரியட்டும். அதில் ஒருவராவது ஊரிலேயே இருப்பவராக இருக்கட்டும்.